ஓர்க்கன் உயர்திணையா, அஃறிணையா?

விழா மலரொன்றில் தமிழாசிரியர் எழுதுவது இலக்கியச் சுவை பற்றியோ கல்லூரியின் பழம்பெருமை பற்றியோ இருத்தல் வழக்கம். நாம் ஒரு விளையாட்டைப் பற்றி எழுத முற்பட்டமைக்குக் காரணம் ஓர் இலக்கண ஐயம். அதனை எழுப்பியவர் எமது உயர்தர வகுப்பு மாணவர். தீர்க்கப் புகுந்தவிடத்து, அவ்வையம் இலக்கணத்தோடு நின்றுவிடாது, மனிதரை மனிதர் எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவாக விரிந்தது. ஆகவே அதனைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் ஒருங்கே முன்வைக்கின்றோம்.

நிகழ்ந்தது இதுவே. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, தம் பிள்ளைகள் ஆடிப் பழகிய விளையாட்டொன்றின் விதிநூல்களையும் பலமுகக் கவறுகளையும் கல்லூரி நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தந்து சென்றார். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். பாடசாலை முடிந்தபின் ஐந்தாறு மாணவர் அதனை ஆடத் தொடங்கினர். விதிகளைத் தமிழில் எழுதிவைத்தால் கீழ்வகுப்பு மாணவரும் ஆடலாம் எனக் கருதி, எழுதிய கொப்பியைப் பிழைதிருத்த எம்மிடம் கொண்டுவந்தனர். அதில் ஒரு பக்கத்தில் 'ஓர்க்கன் வந்தான்' என்றிருந்தது. மறுபக்கத்தில் 'ஓர்க்கு வந்தது' என்றிருந்தது. எழுதியவர் இருவர். "ஐயா, எது சரி?" என்று கேட்டனர். "ஓர்க்கு என்றால் யாது?" என்று நாம் கேட்டோம். அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

அறியாதார் பொருட்டு ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். சுற்றியிருப்போருள் ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மலை, காடு, குகை, ஊர் என இடத்தை வருணித்து, அங்கு எதிர்ப்படுவோரின் சார்பில் அவரே பேசுவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் இதனைச் செய்கிறேன்" என்பர். செய்கை கைகூடுமா என்பதை இருபது முகமுடைய கவறு தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்னும் ஆறு பண்புகள் எண்ணால் அளந்து குறிக்கப்படும். இவற்றோடு பாத்திரத்தின் இனமும் தெரிவு செய்யப்படும். மனிதன் ஆகலாம், நெடுங்காலம் வாழும் எல்பன் ஆகலாம், மலையைக் குடைந்து வாழும் கம்மியனாகிய குறளன் ஆகலாம். ஓர்க்கர் என்போர் நெடுங்காலம் பகைவராகவே வைக்கப்பட்ட ஓரினத்தார்.

இவ்வினங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பேராசிரியர் ரொல்கீன் 1937இலும் 1954–55இலும் வெளியிட்ட கதைகளின் வழி வந்தவை. ஆயினும் விளையாட்டுக்குள் அவை புகுந்த வாயில் வேறு. அமெரிக்காவில் கரி கைகக்ஸ் என்பாரும் ஜெவ் பெரன் என்பாரும் 1971இல் 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டனர். சிறு படைவீரர் உருவங்களை மேசைமேல் அணிவகுத்து ஆடும் ஆட்டம் அது. அதன் பிற்பகுதியில் எல்பர், குறளர், ஓர்க்கர் ஆகியோர் படைவகைகளாகச் சேர்க்கப்பட்டனர். படைவகைக்கு எண் வேண்டும், மனம் வேண்டா. இத்தனை குதிரை, இத்தனை வில், இத்தனை ஓர்க்கு என்று எண்ணுதலில் ஒரு பிழையும் இல்லை.

பிழை அடுத்த படியிலே பிறந்தது. 1974இல் கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை, ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்களாக, முதலில் 1000 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டனர். படையை நடத்திய ஆட்டக்காரன் இப்போது தனியொருவனாகவே மாறி நடந்தான். இது பெரும் புதுமை. ஆனால் படைக்கு இட்ட எண் தனியாளின் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. 'இப்படை இத்தகையது' என்றிருந்த விதி, 'இவ்வினத்திற் பிறந்தவன் இத்தகையன்' என்னும் விதியாயிற்று.

அவ்விதிகளிற் சிலவற்றை நோக்குக. 1974ஆம் ஆண்டு நூலின்படி மனிதன் எத்துணைப் படிகளும் ஏறலாம். போர்வீரனாகும் குறளன் ஆறாம் படிக்கு மேல் ஏற இயலாது. எத்துணை முயன்றாலும் இயலாது. மனிதரே அவ்வுலகின் நடுவில் நிற்க வேண்டும் என்பது ஆக்கியோன் கருத்து. 1978இல் வந்த விரிந்த விதிநூலில் அரை ஓர்க்கன், அதாவது ஓர்க்கரும் மனிதரும் கலந்த மரபிற் பிறந்தவன், ஆட்டக்காரர் ஏற்கத்தக்க பாத்திரமானான். அவன் சமயகுருவாயின் நான்காம் படியோடு நின்றுவிடுவான். அவன் எல்லையின்றி உயரக்கூடிய தொழில் ஒன்றே ஒன்று. அது மறைந்திருந்து கொலை செய்யும் தொழில்! 1981இல் வந்த எளிய பதிப்பிலோ எல்பன், குறளன் என்பன இனப்பெயராக மட்டுமன்றித் தொழிற்பெயராகவும் ஆயின. மனிதன் வீரனாகலாம், குருவாகலாம், மந்திரவாதியாகலாம், கள்வனாகலாம். குறளன் குறளனாக மட்டுமே இருக்கலாம்.

இவற்றை வாசித்தபோது எமக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. எமது ஊரே நினைவுக்கு வந்தது. இன்னார் மகன் இன்ன தொழிலே செய்யவேண்டும், இன்னார் இந்தப் படலைக்கு அப்பால் வரலாகாது, இன்னார் இக்கிணற்றில் நீர் அள்ளலாகாது என்று விதித்தவர் வேற்று நாட்டவர் அல்லர், நாமே. பிறப்பைக் கொண்டு பிறர் எம்மை அளந்ததன் விலையையும் இத்தீவில் நாம் அறிவோம். இரண்டையும் அறிந்த எமக்கு, இது பொழுதுபோக்கின் சிறு விதி என்று தள்ளிவிட மனம் துணியவில்லை.

ஆயினும் இனம் என்னும் பகுப்பே ஆட்டத்துக்கு வேண்டா என்பார் கூற்றையும் நாம் ஏற்கின்றிலோம். அதனால் விளையும் நன்மை மூன்று. முதலாவது, ஒரு சொல்லிற் பாத்திரம் உருப்பெறுகின்றது. 'குறளன்' என்றதும் உலைக்களமும் மலைக்குகையும் ஆட்டக்காரர் அனைவர் மனத்திலும் ஒருங்கே தோன்றும். இரண்டாவது, ஒருவர்க்கொருவர் துணை வேண்டியவராகின்றனர். இருளிற் காணவல்லவன் ஒருவன், நீரில் மூழ்கி நெடுநேரம் இருக்கவல்லவன் ஒருவன் எனக் கூடியவிடத்தே தனியொருவனால் முடியாதது முடிகின்றது. மூன்றாவதே சிறந்தது. பதினேழு வயது மாணவன் முந்நூறு ஆண்டு வாழ்ந்த ஒருவனாக நின்று, மனிதரின் அவசரத்தை வெளியிலிருந்து பார்க்கின்றான். தன்னைவிட்டு வேறொருவன் கண்ணாற் காணும் இப்பயிற்சியை அன்றோ இலக்கியமும் தருகின்றது?

நான்காவது ஒன்றுண்டு. அதனைப் பயன் என்பதோ பழி என்பதோ, வாசகரே முடிவு செய்க. இனப்பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால், விசாரணையின்றிக் கொல்லலாம். எமது மாணவர் ஒருநாள் ஆடிக்கொண்டிருந்தபோது நாம் அருகில் இருந்தோம். அவர்களின் பாத்திரங்கள் ஓர்க்கர் உறையும் குகையொன்றில் நுழைந்து காவலரை வென்றன. உள்ளே குழந்தைகள் இருந்தனர். இது மாணவரின் கற்பனை அன்று. 1977ஆம் ஆண்டு விதிநூலே ஓர்க்கரின் உறைவிடத்திற் பெண்களும் குழந்தைகளும் இருப்பர் என்று கணக்கோடு குறித்திருக்கின்றது. "இனி என்ன செய்கிறீர்கள்?" என்று ஆட்டத்தை நடத்திய மாணவன் கேட்டான். "அதுகளையும் முடிப்பம். ஓர்க்குதானே" என்றான் ஒருவன். அவன் கொடியவன் அல்லன். வகுப்பில் மிக மென்மையானவன். கவற்றைக் கையில் எடுத்தும் விட்டான். வேறொருவன் மட்டும் கவற்றைத் தொடாமல் இருந்தான். எவரும் பேசவில்லை. அன்றைய ஆட்டம் அவ்வளவில் நின்றது.

'அதுகள்' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்க. எமது பேச்சு வழக்கில் இரக்கத்தாலும் மனிதரை 'அதுகள்' என்போம். இளக்காரத்தாலும் 'அதுகள்' என்போம். திணை மாறும்போது மனமும் மாறிவிடுகின்றது. அம்மாணவனின் கையை இலகுவாக்கியது கொடுமை அன்று, ஒரு விகுதியே.

ஓர்க்கரைப் படைத்த ரொல்கீனுக்கே இத்தொல்லை இருந்தது. பேசவும் கருவி செய்யவும் வல்ல ஓரினம் முழுவதும் திருந்தவே இயலாத தீமையாக இருத்தல் கூடுமா என்று அவர் பிற்காலத்தில் பலமுறை எண்ணி எழுதினார். தாம் அமைதியுறத்தக்க விடை ஒன்றும் அவர்க்குக் கிட்டவில்லை. கதையாசிரியர் தயங்கிய இடத்தில் ஆட்டம் தயங்காது நடந்தது.

இதனை ஆட்டம் அமைப்போரும் உணர்ந்தனர் என்பதைச் சொல்லுதல் நீதி. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இனத்துக்கு இனம் இட்ட படி எல்லைகளை நீக்கிற்று. எனினும் 2016இல் வெளியான துணைநூலொன்றில் ஓர்க்கனாகப் பிறந்தவனுக்கு அறிவில் 2 புள்ளி குறைக்கப்பட்டது. 2020இல் வந்த மற்றொரு நூல், இனத்தால் வரும் புள்ளிகளை ஆட்டக்காரர் விரும்பிய பண்புக்கு மாற்றிக்கொள்ள இடந்தந்தது. 2024ஆம் ஆண்டுப் புதிய விதிநூல் 'றேஸ்' என்னும் சொல்லையே கைவிட்டு 'ஸ்பீஷிஸ்' என்பதைக் கொண்டது; பண்புப் புள்ளிகளை இனத்திலிருந்து பிரித்து வளர்ப்பிலும் தொழிலிலும் வைத்தது; ஓர்க்கரை மனிதரோடும் எல்பரோடும் ஒரே வரிசையில் இருத்திற்று. 'பாத்ஃபைண்டர்' என்னும் வேறோர் ஆட்டம் 2019இலேயே 'மரபு' எனப் பொருள்படும் சொல்லை ஏற்றிருந்தது.

இம்மாற்றங்கள் பற்றி இரு சாரார் வழக்காடுகின்றனர். ஒரு சாரார், "வேற்றுமையை அழித்துவிட்டால் எல்பனும் குறளனும் முகமூடி அணிந்த மனிதரே, ஆட்டம் சுவையற்றுப்போம்" என்பர். மற்றொரு சாரார், "பிறவியிலேயே அறிவு குறைந்த இனம் என்பது வரலாற்றிற் பெருந்தீங்கு விளைத்த பொய், அதற்கு விளையாட்டிலும் இடமில்லை" என்பர். நாம் பின்னவர் பக்கமே. ஆனால் முன்னவர் அச்சமும் வெறும் அச்சம் அன்று. உடம்பின் வேற்றுமையை எவரும் வெறுக்க வேண்டியதில்லை. இருளிற் காணும் கண்ணும் நீருக்குள் மூச்சுவிடும் செவுளும் எவரையும் இழிவுசெய்வன அல்ல. அறிவையும் அறத்தையும் பிறப்போடு பிணைப்பதே குற்றம். அப்பிணைப்பை அறுத்தபின் அவ்விடத்தில் வேறு வாழ்வொன்றை வைத்து நிரப்ப வேண்டும். வெறுமையாக விடுதல் பாதிவேலை.

2024ஆம் ஆண்டு விதிநூல் பாதிவேலையோடு நின்றது என்பதே எமது துணிபு. சான்று இரண்டு கூறுவோம். முதலாவது சொல் பற்றியது. எமது உயிரியற் பாடநூல்களில் 'ஸ்பீஷிஸ்' என்பதற்குத் தமிழ் 'இனம்' என்பதே; 'ஜீனஸ்' என்பதற்குச் 'சாதி' என்பர். ஆகவே ஆங்கிலத்திற் பெரும் ஆரவாரத்தோடு நிகழ்ந்த பெயர்மாற்றம் எமது மாணவரின் கொப்பியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை! முன்னும் இனம், பின்னும் இனம். புதிய சொல், பிறப்பின் வேற்றுமை உடலியலால் நிலைபெற்றது என முன்னையினும் அழுத்தமாகச் சொல்வதாகவே எமக்குப் படுகின்றது.

இரண்டாவது தொழில் பற்றியது. அந்நூல் பதினாறு பின்னணிகளைத் தருகின்றது. ஒவ்வொன்றும் மூன்று பண்புகளையே உயர்த்தும். உழவன் என்னும் பின்னணி வலிமையையும் உடலுறுதியையும் விவேகத்தையும் உயர்த்தும், அறிவை உயர்த்தாது. பிரபு என்னும் பின்னணி உயர்த்தும் மூன்றனுள் அறிவு உண்டு. ஆட்டத்தை நடத்துவோர் புதிய பின்னணிகளை வகுத்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. எனினும் அச்சிட்ட பட்டியலில் உழவன் மகனுக்கு அறிவு மிகுதி இல்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைத்துவிட்டுப் புத்தகத்தோடு வந்த பிள்ளைகளாலே பெயர்பெற்ற கல்லூரி இது. பிறப்பை வாசல்வழி அனுப்பிவிட்டுத் தொழிலை யன்னல்வழி அழைத்தால் நாம் அதனைக் கண்டுகொள்ளாமல் இருப்போமா?

பின்னர் எவ்வாறு அமைத்தல் வேண்டும்? அதற்கு முன்மாதிரி நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உண்டு. கிறெக் ஸ்ராஃபோட் என்பார் உருவாக்கிய 'குளொறாந்தா' என்னும் கற்பனை உலகை அடியாகக்கொண்டு 1978இல் 'றூன்குவெஸ்ற்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. அவ்வுலகின் பூதர்களை மட்டும் பொருளாகக் கொண்டு 1982இல் அவரும் சான்டி பீற்றர்சனும் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். பூதர் பெருந்தீனிக்காரர், அஞ்சத்தக்கவர், இருளை விரும்புவோர். இவையெல்லாம் பழைய கதைகளிலும் உண்டு. ஏன் அவ்வாறாயினர் என்று அத்தொகுப்புச் சொல்லிற்று. பூதரின் ஆதியிடம் பாதாள உலகின் இனிய இருள். கொல்லப்பட்ட ஞாயிற்றுக் கடவுள் இறந்தோர் உலகுக்கு இறங்கியபோது அந்நெருப்புத் தாங்காது அவர்கள் வீடிழந்து மேலுலகுக்கு ஓடிவந்தனர். பின்னொரு போரில் ஏற்பட்ட சாபத்தால் அவர்தம் தாய்மார் நலிந்த சிறுபிள்ளைகளையே மிகுதியாக ஈன்றனர். மேலுள்ளோர்க்கு உயிரளிக்கும் ஞாயிறு, பூதர்க்கு வீட்டை எரித்த பகை!

இங்கே வேற்றுமை குறைந்ததா? இல்லை, பெருகிற்று. பூதர் மனிதருக்கு முகமூடி அணிவித்தவர் அல்லர். அவர்க்கு வரலாறுண்டு, பசியுண்டு, இழப்புண்டு, வழிபாடுண்டு. அவரோடு போர் செய்ய நேரிடலாம். ஆனால் அப்போருக்குக் காரணம் வேண்டும், இனப்பெயர் போதாது. வீடிழந்து ஓடுதல் இன்னதென அறிந்தவர் எம்மிடையே பலர் உளர். அவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

"விளையாட்டு விளையாட்டுத்தானே, சதுரங்கத்திற் காலாளை வெட்டுபவன் கொலைஞன் ஆவானா?" என்று கேட்பார் உளர். ஆகான். சதுரங்கக் காலாள் பேசுவதில்லை, கெஞ்சுவதில்லை, அதற்குக் குழந்தை இல்லை. இவ்விளையாட்டிலோ எதிர்ப்பட்டவன் வாய்திறந்து பேசுகின்றான். மாணவன் தன் வாயால் விடை சொல்லுகின்றான். நாடகத்தில் நடித்தவர்க்கு, நடித்த சொல் நாவிற் சிலநாள் தங்குவது தெரியும். கெடுதல் உறுதி என்று நாம் சொல்லவில்லை. பழக்கம் உண்டாகும் என்கின்றோம்.

இனி, இலக்கண ஐயத்துக்கு வருவோம். உயர்திணை இன்னதெனக் கூறப்புகுந்த தொல்காப்பியர், மக்கள் என்று கருதப்படும் பொருளையே அதற்கு எல்லையாகக் கொண்டார். கருதுதல் என்பதைக் கவனிக்க. மரபியலிலோ, ஆறாவது அறிவாகிய மனம் படைத்தோர் மக்கள் என்று வகுத்து, அவ்வகையிற் பிற பிறப்புக்களும் உள என்றும் இடம்விட்டுச் சென்றார். நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் அடக்கினார். நரகர் தீவினை செய்து நரகில் உழல்வோர். ஆயினும் இலக்கணம் அவரை 'அது' என்று சொல்லவில்லை. தீமை செய்தான் என்பதால் ஒருவன் திணை இழப்பதில்லை. தீமை செய்தவன் 'அவன்' ஆக இருந்தால் அன்றோ அவனிடம் 'ஏன் செய்தாய்?' என்று கேட்கலாம்?

ஆகவே மாணவர்க்கு நாம் சொன்ன விதி இது: மனமுடையது எதுவாயினும் உயர்திணை. ஓர்க்கன் வந்தான், பூதத்தி வந்தாள், குறளர் வந்தனர். மந்திரத்தால் நடக்கும் எலும்புக்கூடு வந்தது; அதற்கு மனமில்லை. ஆட்டம் அமைப்போர்க்கும் இதுவே எமது விண்ணப்பம். ஓரினத்தைப் படைக்கும் முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். அவர்கள் எதனை உண்டு, எங்கு உறைகின்றனர்? எதனை இழந்தனர்? எம்மை என்ன பெயரால் அழைக்கின்றனர்? இம்மூன்றுக்கும் விடை எழுதியபின் எண்களை எழுதுங்கள். விடை எழுத இயலாவிடின், அது இனம் அன்று, இலக்கு.

'வந்தது' என்று எழுதிய மாணவன், நாம் சிவப்பு மையாற் கீறுமுன் தானே அடித்துத் திருத்தினான். அடுத்த கிழமை அவர்கள் அதே குகையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினர். குழந்தைகளை என்ன செய்வது என்பதிலேயே முழு நேரமும் கழிந்தது. ஒருவன் உணவு தரலாம் என்றான். ஒருவன் அவர்களின் மொழியைக் கற்க முயன்றான். தன் தந்தையைக் கொன்றது யார் என்று ஓர்க்கச் சிறுவன் கேட்டபோது, கொன்ற பாத்திரத்தை ஏற்றிருந்த மாணவன் விடை சொல்ல நெடுநேரம் எடுத்தான். மணி அடித்தபின்னும் எவரும் எழவில்லை. "சண்டை பிடிக்காமலே நேரம் போய்விட்டது, ஐயா" என்று குறைபோலச் சொல்லிச் சென்றான் இளையவன் ஒருவன். மறுநாள் அவனே முதலில் வந்து கதிரைகளை அடுக்கினான்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவரே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய ஆட்டங்களை ஆடுகின்றனராயின், தடுக்காதீர்கள். அருகிருந்து ஒருநாள் கேளுங்கள். எதிர்ப்பட்டவனை அவர்கள் 'அவன்' என்கின்றனரா, 'அது' என்கின்றனரா என்று கவனியுங்கள். திருத்த வேண்டியிருந்தால், அந்த ஒரு விகுதியிலிருந்து தொடங்குங்கள்.